சும்மா கிடக்கும் கொம்பியூட்டருக்கு வன்னியில் வீடு பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கில் இருக்கும் வன்னியில் பழைய கொம்பியூட்டருக்குப் பஞ்சமில்லை. போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பிறகு லண்டன், கனடா, சுவிஸ் என்று எல்லாப் பக்கத்தாலும் வந்தவை, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கடைகளில் பாகங்களைப் பூட்டி வாங்கியவை, கொமினிகேசனை (போன், போட்டோகொப்பிக் கடையை) மூடும்போது வீட்டுக்குக் கொண்டுவந்தவை என்று பரந்தன் தொடங்கிப் புதுக்குடியிருப்பு வரை துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. அதே ஒழுங்கையில் உயர்தரத்துக்கு (ஏஎல்) ஐசிடி என்ற கணினிப் பாடம் எடுத்த பிள்ளை பைதன் நிரலைக் கொப்பியில் எழுதிவிட்டு, இது ஓடுமா ஓடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையில் நாலு வேலிதான் இருக்கும். ஆனாலும் மெஷின் அந்த நாலு வேலியைத் தாண்டாது.

மெஷினைத் துடைத்து, விண்டோஸ் போட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போட்டி போட ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போன மெஷின்தான் பிழைக்கும். தனியாகப் போனது கொஞ்ச நாளில் மறுபடி மூலைக்குப் போய்விடும். கீழே சொல்வதெல்லாம் இந்த நம்பிக்கையில் கட்டியதுதான்.

முதலில் போட்டியைப் பற்றி

வீட்டுக் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்களின் சண்டைக்கு வயது 40 தாண்டிவிட்டது. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் சின்கிளேர் நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற சின்னப் பெட்டியை வெளியிட்டது. 16 கேபி நினைவகம் உள்ளது 125 பவுண், 48 கேபி உள்ளது 175 பவுண், விசைகள் ரப்பர். அதே ஆண்டு அமெரிக்காவில் கொமடோர் 64 வந்தது. 64 கேபி, விலை 595 டொலர், உள்ளே சிட் என்ற தனி ஒலிச் சில்லு. கொமடோர் பின்னர் இங்கிலாந்துக்கும் வந்ததும் பள்ளிக்கூட முற்றங்களில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "உன்னுடைய விசைப்பலகை அழிறப்பர்" என்பான் கொமடோர்காரன். "உன்னுடைய சிபியு 1 மெகாஹேர்ட்ஸ்கூட இல்லை, என்னுடையது 3.5" என்பான் ஸ்பெக்ட்ரம்காரன். ஸ்பெக்ட்ரத்தில் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒன்றுக்குள் இரண்டு நிறம்தான் காட்டலாம். அதனால் ஓடுகிற பொம்மை ஒரு மரத்தைத் தாண்டினால் மரத்தின் நிறம் அதற்கும் ஒட்டிக்கொள்ளும். அதையும் சொல்லிச் சொல்லியே கடுப்பேற்றினார்கள்.

பிறகு 1985இல் அட்டாரி எஸ்டியும் கொமடோரின் அமிகாவும் மோதின. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொமடோரை உருவாக்கியவர் ஜாக் டிராமியல். போலந்தில் பிறந்து ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்து உயிர் தப்பியவர். 1984 ஜனவரியில் கொமடோரை விட்டு விலகி, அதே ஆண்டு யூலையில் அட்டாரியின் வீட்டுக் கொம்பியூட்டர்ப் பகுதியை வாங்கிவிட்டார். அதாவது கொமடோருக்கு எதிரியைக் கட்டியதே கொமடோரைக் கட்டிய ஆள்தான். கடைசியில் இரண்டு பக்கமும் தோற்றது. ஐபிஎம் வகைப் பிசி எல்லாவற்றையும் விழுங்கியது, கொமடோர் 1994இல் முறிந்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் இன்றைக்கும் ஓடுகின்றன, அவற்றுக்குப் புது விளையாட்டுகள்கூட எழுதுகிறார்கள். "என்னுடையதுதான் திறம்" என்று நிரூபிக்க ஆள் இருந்ததால் எவனும் தன்னுடையதைத் தூக்கி எறியவில்லை.

அந்தச் சண்டையை வன்னி காணவில்லை. 90களில் பொருளாதாரத் தடைக்குள் பற்றரியே வராத இடம் இது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம். எங்களுடைய போட்டி பிந்தி வந்தது: "கனடாவில இருந்து வந்தது" எதிர் "வவுனியாவில பூட்டினது", இன்டெல் எதிர் ஏஎம்டி, ஐ3 எதிர் ஐ7. நல்ல போட்டிதான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. சித்தப்பா வீட்டில் ஐ7 வந்த அன்றைக்கே எங்கள் வீட்டு ஐ3க்கு மதிப்புப் போய்விடுகிறது. இவ்வளவுக்கும் அந்த ஐ7 முதல் தலைமுறையாகவும், எங்களது எட்டாம் தலைமுறை ஐ3ஆகவும் இருந்தால் அநேகமாக எங்களதுதான் வேகம். ஸ்டிக்கரில் ஐக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கத்தைவிடத் தலைமுறையைப் பாருங்கள். இதைப் பலருக்கு விளங்கப்படுத்தினாலே பாதிக் கொம்பியூட்டர் தானாக வெளியே வரும்.

படி 1: கேட்கும் விதம்

"அன்ரி, அந்தப் பழைய கொம்பியூட்டர் சும்மாதானே கிடக்குது?" என்று கேட்டால் காரியம் கெட்டது. அது மகன் அனுப்பியது. பழையது, சும்மா கிடக்கிறது என்ற இரண்டு சொல்லும் மகனுக்குப் போய்ச் சேரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அன்ரி, பக்கத்து ஒழுங்கையில ஒரு பிள்ளை ஏஎல் எடுக்குது. படிக்க ஒரு மெஷின் தேடுறம். உங்கட எப்பிடி, திறமோ?"

"அது நல்ல சாமான் தம்பி. லண்டனில மூத்தவன் பாவிச்சது. எடுத்துப் பாருங்கோவன்."

தன் வாயால் நல்ல சாமான் என்று சொன்ன பிறகு கொடுப்பது கௌரவம் ஆகிவிடுகிறது. உடைமைக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அங்கேயே வட்ஸ்அப்பில் அழைத்து அவரிடமும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அந்த மெஷின் இப்போது இல்லாத ஒருவருடையது என்று தெரிந்தால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம். அவர்களாகத் தரும்போது வாங்கலாம்.

படி 2: எதனால் மூடினார்கள் என்று கண்டுபிடிப்பது

"வேலை செய்யாது" என்று தருவதில் பெரும்பகுதி சின்ன வருத்தம்தான். முதல் சந்தேகம் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பற்றரி, சிஆர் 2032. அது இறந்தால் மெஷின் திகதியை மறந்து பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். திகதி பிழையானால் பிரவுசர் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை நம்பாது, ஒவ்வொரு பக்கத்திலும் எச்சரிக்கை காட்டும். வீட்டுக்காரர் "இன்டர்நெட் பழுது" என்று மூடிவிடுவார். மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கிற ஒரு பற்றரியோடு முடிகிற கதை.

அடுத்தது திறந்து பார்ப்பது. கரண்ட் வயரைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தரம் அமத்திவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கிரவல் றோட்டுப் பக்கம் இருந்த மெஷின் என்றால் உள்ளே செம்மண் பூசினது போல இருக்கும். பவர் சப்ளைக்குள் எறும்பு குடியிருக்கும், ஹீட்சிங்குக்கு அடியில் பல்லி முட்டை இருக்கும். இரண்டு அங்குலப் பெயின்ற் தூரிகை போதும். ரயர் கடைக் கொம்பிரசரில் ஊதலாம் என்று சொல்வார்கள், விடாதீர்கள். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். எதால் ஊதினாலும் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரேம் துண்டுகளைக் கழற்றி, தங்க நிறப் பக்கத்தை வெள்ளை அழிறப்பரால் மெதுவாக உரஞ்சி, 'கிளிக்' என்று கேட்கும்வரை திருப்பிப் போடுங்கள். பீப் பீப் என்று கத்திக்கொண்டு படம் வராத மெஷின் பல இதோடு எழும்பும். சிபியுவைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைக் கொண்டென்சர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்ட்டை விட்டுவிடுங்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற மெஷின்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. பெட்டியின் உட்பக்கத்தில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கோட்டுக்கு மேலே இருந்த பாகங்கள் தப்பியிருக்கலாம். கீழே இருந்த பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

படி 3: கரண்ட்

இதை வாசிக்காமல் தாண்டவேண்டாம், முக்கியமாகக் கனடா, அமெரிக்காப் பக்கத்தில் இருந்து வந்த மெஷினுக்கு. அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. பழைய பவர் சப்ளைகளின் பின்பக்கத்தில், வயர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அதில் 115 என்று தெரிந்தால் அது அங்கத்தைய நிலை. அப்படியே இங்கே குத்தினால் வெடிச்சத்தம், வெள்ளைப் புகை, வீட்டு பியூசும் போகும். ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் 230க்குத் தள்ளிவிட்டுத்தான் குத்த வேண்டும். சுவிட்சே இல்லை என்றால் ஒட்டியிருக்கும் லேபிளை வாசியுங்கள். 100 இலிருந்து 240 வரை என்று இருந்தால் பயமில்லை. 115 மட்டும் என்றால் வேறு பவர் சப்ளை வேண்டும். லாப்டொப் சார்ஜர்கள் அநேகமாக எல்லாமே இரண்டு கரண்டையும் தாங்கும்.

மெஷினின் தகட்டைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கிறதா? அது பேயல்ல, மெஷின் பழுதும் அல்ல. எர்த் இல்லாத பிளக்கில் குத்தினால் பவர் சப்ளையின் வடிகட்டிக் கொண்டென்சர்கள் வழியாகக் கொஞ்சக் கரண்ட் தகட்டுக்கு வரும். மூன்று கால் பிளக்கை இரண்டு காலாக மாற்றும் அடப்ரரைத் தூக்கிப் போட்டுவிட்டு, வயரிங்காரரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புரட்டாதி, ஐப்பசி இடிமழையில் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதையும் மெஷின் போகிற வீட்டில் சொல்லிவிட வேண்டும். சுவிட்சை நிப்பாட்டினால் போதாது. ரவுட்டரில் இருந்து நெட்வேர்க் வயர் வந்தால் அதையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாலும் வரும்.

படி 4: ஹார்ட் டிஸ்க்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. வேறு ஊரில் "அழித்துவிட்டுக் கொடு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வன்னியில் 2009இல் வீட்டு அல்பம் முழுவதையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. உறவினர் வெளிநாட்டில் வைத்திருந்த படத்தை ஸ்கேன் பண்ணி அனுப்ப, அது இந்த ஒரு டிஸ்கில்தான் இருக்கும். சில வேளை அந்த முகத்துக்கு உலகத்திலேயே அந்த ஒரு படம்தான்.

ஆகவே முறை இதுதான். டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி கேசிங்கில் போட்டு, வேறு மெஷினில் திறந்து, வீட்டுக்காரரைப் பக்கத்தில் இருத்திப் படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு எடுக்க வேண்டும். டெஸ்க்டொப்பில் இருக்கும் ஃபோல்டரோடு நின்றுவிட வேண்டாம். டி டிரைவில், "புதிய ஃபோல்டர்" என்ற பெயருக்குள் இன்னொரு "புதிய ஃபோல்டர்" என்று உள்ளே உள்ளே போகும். எடுத்ததைத் திறந்து காட்டி, "இதில எல்லாம் இருக்குதோ அம்மா?" என்று கேட்டு, அவர் ஓம் என்று சொன்ன பிறகு அழியுங்கள்.

கொமினிகேசன் மெஷின் என்றால் கவனம் இரண்டு மடங்கு. அதில் ஊர்ச்சனத்தின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, காணாமல் போனோர் பற்றி எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கும். கடிதங்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை மாதிரித் தெரியும். பழுதான ஃபைல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பாமினியைப் போட்டால் தமிழாகும், யுனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. அந்த டிஸ்கை நான் என்றால் மெஷினோடு கொடுக்கவே மாட்டேன். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷினுக்கு வேறு டிஸ்க் போடுவேன்.

அழிக்கும்போது சும்மா டிலீட் பண்ணுவதும் குவிக் ஃபோர்மட்டும் போதாது. திரும்ப எடுக்கலாம். விண்டோஸ் விஸ்ராவிலோ அதற்குப் பிறகு வந்த விண்டோஸிலோ, குவிக் என்ற பெட்டியில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு முழு ஃபோர்மட் செய்தால் டிஸ்க் முழுக்கப் பூச்சியம் எழுதும். நேரம் எடுக்கும், போட்டுவிட்டுச் சோறு சாப்பிடப் போகலாம்.

படி 5: உள்ளே என்ன போடுவது

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நின்றது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். வன்னியில் மூடிக் கிடப்பதில் முக்கால்வாசி அதற்குக் கீழேதான். அதனால் இலவச இயங்குதளமான லினக்ஸ். 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட், 2 ஜிபி என்றால் லுபுண்டு மாதிரி இலேசானது ஒன்று. கொஞ்சக் காசு செலவழிக்க முடியுமென்றால் ரேமை விட்டுவிட்டு முதலில் எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்கை) போடுங்கள். 120 ஜிபி போதும். பழைய டிஸ்க்கோடு நிமிடக்கணக்கில் எழும்பின மெஷின் ஆச்சரியப்படும் அளவுக்கு வேகமாக எழும்பும்.

தமிழ் விசைப்பலகையை நீங்களே அமைத்துக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் "லினக்ஸில தமிழ் அடிக்க ஏலாது" என்ற கதை ஊர் முழுக்கப் போய்விடும். தமிழ் அடிக்க உதவும் ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, ஒலிப்பு முறை, இலங்கைத் தரமான ரெங்கநாதன் எல்லாம் வரும். பாவிக்கப் போகிறவரின் கை எதில் பழகியது என்று கேட்டு அதைப் போடுங்கள். இதிலும் சண்டை உண்டு, பாமினியில் பழகிய ரைப்பிஸ்ட் அக்கா ஒலிப்பு முறையில் அடிக்கிறவர்களை ஆளாகவே மதிக்க மாட்டார்.

இணையம் அநேகமாகப் போன் டேற்றாதான். டெஸ்க்டொப்பில் வைஃபை இல்லை என்றால் போனை யுஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போடலாம், லினக்ஸ் அதைத் தானாகவே பிடிக்கும். டேற்றா மிச்சம் பிடிக்க, கொடுக்கும் முன்பே பைதன், லிப்ரே ஒபிஸ், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் இருக்கும் பாடங்கள், கடந்தகால வினாத்தாள்கள், இணையம் இல்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் மூலம் முழுத் தமிழ் விக்கிப்பீடியா எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள்.

படி 6: வீடு பார்ப்பது

மெஷின் தயார். இப்போது யாருக்கு?

என் விதி ஒன்றுதான்: ஒரு ஒழுங்கைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்காதீர்கள், ஒரே ஒழுங்கையில் இரண்டாகக் கொடுங்கள். நியாயமாகப் பங்கிட வேண்டும் என்ற எண்ணத்தில் தர்மபுரத்தில் ஒன்று, விசுவமடுவில் ஒன்று, மல்லாவியில் ஒன்று என்று கொடுத்தால் மூன்று பிள்ளைகளும் தனித்தனியாகத் திண்டாடும். பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் ஒருவன் வோல்பேப்பர் மாற்றினால் மற்றவள் ஐகன் மாற்றுவாள், ஒருவனின் நிரலில் எழுத்துப்பிழை இருந்தால் மற்றவள் கண்டுபிடித்துச் சிரிப்பாள். முடிந்தால் ஒன்று இன்டெல், ஒன்று ஏஎம்டியாகக் கொடுங்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்று பென்டியமாகவும் மற்றது ஐ5ஆகவும் இருக்கக் கூடாது. எட்டிப் பிடிக்க முடியாத தூரம் என்றால் போட்டி வராது, மனத்தாங்கல்தான் வரும்.

டியூசன் சென்ரர், சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் எல்லாம் நல்ல இடங்கள், திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். திறப்பு வைத்திருப்பவருக்குக் கொம்பியூட்டரில் விருப்பம் இல்லை என்றால் அது அங்கேயும் துணிக்குள்தான்.

அரச பாடசாலைக்குக் கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள். அங்கே வாங்கும் எதையும் பொருட்பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகு பழுதானாலும் சும்மா எறிய முடியாது, கணக்கெடுப்பு நடந்து கழிக்கும்வரை அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே அப்படி ஒரு அறை நிறைந்த பாடசாலைக்கு இன்னும் ஒரு பென்டியம் 4 கொண்டுபோவது உதவியல்ல. ஒரே மாதிரியான ஐந்தாறு மெஷின், மொனிட்டரோடு, ஓடுகிற நிலையில் இருந்தால் அதிபரிடம் முன்கூட்டியே பேசி, கடிதத்தோடு கொடுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளையோ வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகளையோ தெரிந்தால் ஒரு நாள் கூட்டிப்போய் அமைத்துக் கொடுக்கச் சொல்லலாம்.

படி 7: கொண்டுபோய்க் கொடுப்பது

மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கிரவல் றோட்டால் கொண்டுபோகாதீர்கள். ஓட்டோ பிடியுங்கள். பாரமான கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் குலுக்கலில் சொருகுவாய் உடையும். பெட்டியைப் படுக்க வைத்து, மதர்போர்ட் கீழ்ப்பக்கம் வரும்படி கொண்டுபோங்கள்.

கொடுக்கும் இடத்தில் படம் எடுத்துப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாங்கும் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இடையில் அது தேவையில்லாத வெட்கத்தைக் கொண்டுவரும். ஒரு தாளில் மூன்று விடயம் எழுதிக் கொடுங்கள்: பாஸ்வேர்ட், பழுதானால் அழைக்க வேண்டிய இலக்கம், வேண்டாம் என்றால் திருப்பித் தரலாம் என்ற வசனம். மூன்றாவதுதான் மிக முக்கியம். அது எழுதியிருந்தால்தான் மெஷின் அடுத்த வீட்டுக்குப் போகும். கொஞ்ச நாளில் நீங்களே அழைத்து, "மற்றவரிட மெஷின் எப்பிடி ஓடுது?" என்று கேளுங்கள். தன்னுடையதைப் பற்றி விவரமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

கொமடோரும் ஸ்பெக்ட்ரமும் வந்தால்

80களில் லண்டன் போன மாமா வீட்டு லொஃப்டில் இருந்து இவை வருவது உண்டு. எறியாதீர்கள். வன்னி வீடுகளில் இன்னும் கிடக்கும் பெட்டி ரிவி இவற்றுக்கு ஏற்றது. ஸ்பெக்ட்ரத்தை ரிவியின் அன்ரனாத் துளையில் குத்தி யுஎச்எஃப் 36ஆம் அலைவரிசைப் பக்கம் தேட வேண்டும். அதன் சத்தம் உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் வருவதால் ரிவியைப் பற்றிக் கவலையில்லை. இங்கிலாந்துக் கொமடோரை அப்படிக் குத்தினால் படம் வரும், சத்தம் வராமல் போகலாம். இரண்டு நாட்டு ரிவி முறையிலும் ஒலி அலை நிற்கும் இடம் வேறு. வீடியோ வயர் வாங்கி ஏவி வழியாகக் கொடுத்தால் சரியாகும். கனடாவில் இருந்து வந்த கொமடோர் என்டிஎஸ்சி, பழைய ரிவியில் நிறம் வராமல் போகலாம், பவரும் 120 வோல்ட்.

கொமடோர் 64இன் கனமான பவர் கட்டியை மட்டும் நம்ப வேண்டாம். வயது போனால் அதன் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும், ஏறினால் ரேம் சில்லுகள் கருகும். மெஷினில் குத்தும் முன் மல்ரி மீற்றரால் அளந்து, 5.2க்கு மேலே காட்டினால் கட்டியை ஒதுக்கிவிட்டுப் புதிது செய்விக்க வேண்டும்.

வீடே கிடைக்காதவை

உப்பிய லாப்டொப் பற்றரி, உடைந்த பெட்டி மொனிட்டர், கருகிய போர்ட். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் செம்புக்காக வயரை எரிப்பார்கள், அந்தப் புகை நஞ்சு. பெட்டி மொனிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, கிணற்றடியில் உடைத்துப் போடாதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், பிரதேச சபையில் கேட்டு அவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதுவரை பற்றரியைக் குத்தாமல், வளைக்காமல், வெயில் படாத இடத்தில் மணல் நிரப்பிய தகர டின்னுக்குள் வையுங்கள். கழற்றிய ரேம், ஃபேன், ஸ்குரூ, வயர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால் அடுத்த மெஷினுக்கு உதவும்.